மேவிஸ் போட்ட வாசனைத் தாள்

அந்தத் தாளை உலர்த்தி எந்திரத்துக்குள் போட்டபோது மேவிஸ் குலாஸ் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. போட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் பார்த்தாள்.

உள்ளங்கை அகலத் தாள் அது. ஈரத் துணியோடு போட்டால் துணி மெத்தென்று ஆகி, லாவெண்டர் மணம் ஏறிக்கொள்ளும். எங்கள் எல்ம் கிராஸிங் ஊரில் அதைப் போடாத வீடு கிடையாது. ஆனால் குலாஸ் வீட்டில் உலர்த்திகள் இரண்டு. ஒன்று குடும்பத்துத் துணிக்கு. கார் கொட்டகை மூலையில் நிற்கும் மற்றது, அவள் கணவன் நார்பர்ட்டின் வேட்டை உடுப்புக்கு மட்டும். அதற்குள் இதுவரை எந்த வாசனையும் நுழைந்ததில்லை.

அந்த உடுப்பைப் பற்றி எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். துணி மடிப்புக்குள் கரித்தூள் பொதிந்து தைத்தது. மனித உடம்பின் வாடையைக் கரி குடித்துக்கொள்ளும். குடித்துக் குடித்து நிறைந்துபோனால் உலர்த்தியில் அரை மணி நேரம் சூடு காட்ட வேண்டும். கரி மறுபடி பசியோடு எழுந்து உட்காரும். பிறகு ஓக் இலைச் சருகோடு காற்றுப் புகாத பெட்டியில் பூட்டி வைத்து, காட்டோரத்தில் போய்த்தான் திறந்து உடுத்த வேண்டும். வில்லோடு மரத்துப் பரணில் உட்காருகிறவனுக்கு மான் இருபது அடியில் வர வேண்டுமே! மானுக்குக் கண் ஏமாறும், காது ஏமாறும், மூக்கு மட்டும் ஏமாறாது.

சரி, அது மானுக்கும் மனிதனுக்கும் உள்ள வழக்கு. நடுவில் மேவிஸ் செய்த பாவம் என்ன?

செப்டம்பர் நடுவில் வில் வேட்டை தொடங்கினால் ஜனவரி வரைக்கும் அந்த வீட்டில் வெங்காயம் வதங்காது. பேக்கன் என்கிற பன்றிக்கறி பொரியாது. மெழுகுவர்த்தி எரியாது. குளிக்க வாசனையில்லாத சோப்பு, தலைக்கு வாசனையில்லாத எண்ணெய். மேவிஸ் வெள்ளிக்கிழமைகளில் ஊர் விடுதியில் மீன் பொரிக்கிறவள். ஐந்து மணி நேரம் கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நின்றுவிட்டு வந்தால், கார் கொட்டகையிலேயே உடுப்பைக் கழற்றி மூட்டை கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். நவம்பர்க் குளிரில், ஐம்பத்தேழு வயதில், பல் கிட்ட. இருபத்தொன்பது வருஷம். நல்ல மணம் என்ன, கெட்ட மணம் என்ன, அந்த வீட்டில் எல்லாமே நாற்றம்தான்.

அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நவம்பரில் அவள் அம்மா இறந்தாள். அடக்கம் முடிந்து, சவப்பெட்டி மேல் இருந்த லில்லிப் பூக்களை மேவிஸ் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நார்பர்ட் அவளைக் கட்டிப் பிடித்து முதுகைத் தடவிக் கொடுத்தான். பிறகு பூக்களை எடுத்துக்கொண்டுபோய், வெளியே, பனியில் வைத்தான். காலையில் அவை கண்ணாடி மாதிரி விறைத்துக் கிடந்தன. "வேற எங்க வைக்கறது மேவ்?" என்று அவன் நிஜமாகவே கேட்டான். அந்தக் கேள்விக்கு அவள் ஆறு வருஷமாகப் பதில் தேடிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் பதில் கிடைத்துவிட்டது. இருபது மைல் தள்ளி ஹார்லன் மில்ஸ் என்ற ஊரில், ரொட்டிக்கடைக்கு மேலே ஒரு மாடியறை. சனிக்கிழமை நார்பர்ட் காட்டுக்குப் போனதும் கிளம்பிவிடுவது என்று நாள் குறித்துவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

போகிறவள் சும்மா போயிருக்கலாம். அந்த வியாழக்கிழமை மதியம், கடைசி முறையாக அவன் உடுப்பை உலர்த்தியில் திணிக்கும்போது, லில்லிப் பூக்கள் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு தாள் போதும். அவள் மூன்று போட்டாள்.

நான்கு மணிக்கு நார்பர்ட் வேலையிலிருந்து வந்தான். சாலைத்துறையில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன். நல்ல உயரம், பேச்சு குறைவு. நேராக உலர்த்திக்குப் போனான். சமையலறைக் கதவோரம் நின்று மேவிஸ் பார்த்தாள். பத்தடி தள்ளியிருந்த அவளுக்கே மூக்கைத் துளைத்தது லாவெண்டர். கத்தப்போகிறான், எதையாவது தூக்கி வீசப்போகிறான். கத்தட்டும். கத்தினால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டே போகலாம்.

நார்பர்ட் மேல்கோட்டை எடுத்தான். இரண்டு கையாலும் முகத்தோடு அழுத்தினான். கண்ணை மூடி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

"சுத்தம்," என்றான். "நல்லா சுத்தமா இருக்கு மேவ்."

கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்து, மேலே சருகு தூவி, மூடியை அமுக்கிப் பூட்டினான். கைகழுவப் போனான்.

மேவிஸ் நின்ற இடத்திலேயே நின்றாள்.

முதலில் தன்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தாள். ராத்திரி படுத்தும் தூக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமை விடுதியில் மீனை மாவில் தோய்த்துத் தோய்த்துப் போடும்போது ஒவ்வொன்றாக நினைவில் ஏறியது. மார்ச்சில் திரிந்துபோன பாலை முகம் சுளிக்காமல் குடித்தானே! வேனிலில் அடுப்பில் ரொட்டி கருகி வீடே புகைந்தபோது, புகையைக் கண்ணால் பார்த்த பிறகல்லவா ஓடி வந்தான்!

அப்புறம் அந்த மோந்து பார்க்கச் சொல்லும் தொல்லை. இந்த ஒன்பது மாதமாகத்தான் அது. "மேவ், இந்தக் கையுறையை மோந்து பாரு." "மேவ், இந்த பூட்ஸை. நல்லா, உள்ளே மூக்கை விட்டு." ஒருநாள் அவளுக்குத் தாங்கவில்லை. "நான் தோய்ச்சது உனக்கு நம்பிக்கை இல்லேன்னா நீயே மோந்து பாரேன்! உனக்குத்தான் ஊர் மெச்சுற மூக்கு ஆச்சே!" என்று கத்தினாள். "உன் மூக்குதான் நல்ல மூக்கு," என்று மெதுவாகச் சொன்னான். குத்திக் காட்டுகிறான் என்றே எடுத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் மாடியறைக்குப் போன் போட்டாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்குத் திரும்பியவள் உடுப்பை மாற்றவில்லை. மீன் எண்ணெய் சொட்டச் சொட்ட நேராகக் கூடத்துக்குள் போய், அவன் நாற்காலியை உரசிக்கொண்டு நின்றாள்.

நார்பர்ட் நிமிர்ந்து பார்த்தான். மேலும் கீழும் பார்த்தான். "மாத்தலியா?" என்றான்.

கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்டான்! மூக்கு அசையவில்லை.

இப்போதே சொல்லிவிடலாமா? 'நார்ப், உன் உடுப்பு லாவெண்டர் நாறுது, நாளைக்கு அதைத் திறக்காதே' என்று ஒரு வார்த்தை. சொன்னால், யார் போட்டது என்று கேட்பான். ஏன் என்று கேட்பான். உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். பேசினால் போக முடியாது. அவளுக்குத் தன்னைத் தெரியும். ஒரு சொட்டுக் கண்ணீர் அவன் விட்டால் போதும், இன்னொரு இருபத்தொன்பது வருஷம். கூடத்துக்கும் சமையலறைக்கும் எட்டுத் தடவை நடந்தாள். "என்ன தேடறே?" என்றான். "ஒண்ணுமில்லே." படுக்கையில் இரண்டு பேரும் புரண்டார்கள். இரண்டு பேரும் தூங்குவது போல நடித்தார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு நார்பர்ட் போய்விட்டான். "வர்றேன் மேவ்." "ம்." அவ்வளவுதான். ஒரு கல்யாண வாழ்க்கை ஒரு 'ம்'மில் முடிகிறதென்றால் கல்லும் கரையாதா?

மேவிஸ் தன் இரண்டு பெட்டிகளைக் காரில் ஏற்றினாள். வீட்டைப் பூட்டினாள். பூட்டியதை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள்.

போகும்போதுதான் அந்த 'வரிசை' மனசுக்குள் வந்து நின்றது.

நார்பர்ட்டின் தம்பி டுவேன் பண்ணைக்குப் பின்னால் நாற்பது ஏக்கர் காடு. நார்பர்ட், டுவேன், அவர்களுடைய சித்தப்பா மகன் ரோலி, மூன்று பேரும் அங்கேதான் பரண் கட்டி வேட்டையாடுகிறார்கள். ஒருத்தன் மேல் வாடை இருந்தால் எல்லோருடைய மானும் ஓடிவிடும். அதனால் காட்டுக்குள் இறங்கும் முன் எல்லோரும் கொட்டிலுக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். நார்பர்ட் ஒவ்வொருவர் கழுத்துப் பட்டை, அக்குள், பூட்ஸ் அடி என்று மோந்து பார்ப்பான். 'சுத்தம்' என்றால் உள்ளே, இல்லையென்றால் வீட்டுக்கு. ஒருமுறை விருந்தாளியாக வந்த பாதிரியாரையே, "பூசை முடிச்சு நேரா வந்துட்டீங்க ஃபாதர், சாம்பிராணி அடிக்குது," என்று திருப்பி அனுப்பியவன். ஊருக்கே அவன் பேர் 'மூக்கு'தான். பனி வாருகிறவனுக்கு இந்த உலகம் கொடுத்த ஒரே பட்டம்.

இன்று அந்த வரிசைக்கு முன்னால் மூக்குச் செத்த மனிதன், மல்லிகைப் பந்தல் மாதிரி மணத்துக்கொண்டு நிற்கப் போகிறான்.

இடது பக்கம் திரும்பினால் ஹார்லன் மில்ஸ். வலது பக்கம் டுவேன் பண்ணை. மேவிஸ் தன்னைத் தானே திட்டிக்கொண்டே வலது பக்கம் திருப்பினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது வரிசை கட்டி நின்றுவிட்டிருந்தார்கள். வண்டியைச் சாலையோரம் விட்டுவிட்டு வேலியோரமாக நடந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. தொப்பையைத் தள்ளிக்கொண்டு டுவேன். பக்கத்தில் ஒல்லியாய் ரோலி. பாலாடைக்கட்டி ஆலையில் வேலை, கல்யாணம் ஆகாதவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். இவர்களுக்கு எதிரே, உடுப்பைப் போட்டுக்கொண்டு நார்பர்ட்.

டுவேன் மூக்கை உறிஞ்சினான். "டேய், என்னடா இது? கல்யாணப் பொண்ணு அறைக்குள்ள வந்துட்ட மாதிரி வாடை அடிக்குது!"

நார்பர்ட் அசையவில்லை. மேவிஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். பயம். குழந்தைக்கு வரும் பயம்.

"நார்ப், உனக்கு அடிக்கலே?" என்றான் டுவேன்.

"அடிக்குது," என்றான் நார்பர்ட். "அதான் பாக்கறேன்."

டுவேன் பக்கம் குனிந்து மூச்சை இழுத்தான். "நீ இல்லே." ரோலியிடம் போனான். கழுத்தருகே நெடுநேரம் மூக்கை வைத்திருந்தான். நிமிர்ந்தான்.

"ரோலி. உன் மேலதான்."

"நானா?" ரோலியின் குரல் உடைந்தது. "நார்ப், நான் மூணு தடவை தோய்ச்சேன். மூணு நாளா ஆப்பிளும் தண்ணியும்தான். எங்கம்மா மேல சத்தியமா..."

"சத்தியம் பண்ணா வாடை போயிடுமா? வீட்டுக்குப் போ."

"ஒரு வாரம் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன் நார்ப்."

"என்ன ரோலி," டுவேன் சிரித்தான், "பொண்ணு கிண்ணு மாட்டிக்கிச்சா? சொல்லவே இல்லே! லாவெண்டர் பூசிக்கிற பொண்ணா?"

ரோலி சிரிக்கவில்லை. தன் சட்டைக் கையை இழுத்து மோந்து பார்த்தான். மறு கையையும் பார்த்தான். தன் மூக்கையே நம்பாமல் கண் கலங்க வில்லைக் கீழே வைத்தான். அவன் திரும்பி வண்டியை நோக்கி இரண்டடி வைத்ததும் மேவிஸால் அதற்கு மேல் முடியவில்லை.

"ரோலி, நில்லு!"

மூன்று தலைகளும் திரும்பின.

"உன் மேல ஒண்ணுமில்லே. வாடை நார்ப் உடுப்புலேருந்து வருது. நான்தான் தாளைப் போட்டேன். வியாழக்கிழமை. தெரியாம இல்லே, வேணும்னே போட்டேன்."

மான் பருவத்தில் அப்படி ஒரு வார்த்தையை எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. டுவேனின் வாய் திறந்தபடியே நின்றது.

"மேவிஸ், உனக்கென்ன பைத்தியமா? வருஷத்துல இந்த ஒரு வாரம்தான் கெடா மான் பொட்டையைத் தேடி வெளியே வரும். இது என்ன வெளையாட்டா?"

"வெளையாட்டுன்னு நான் சொல்லலியே டுவேன்."

"புருஷன் உடுப்பைக் கெடுக்கற பொம்பளையை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். ரோலியைப் பாரு, அழுதுட்டான். நார்ப், நீயா இருக்கக்கண்டு சும்மா நிக்கறே. நானா இருந்தா..." சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். நெற்றி சுருங்கியது. "இரு. வாடை உன் மேல. நீ ரோலியைச் சொன்னே. உன் மேல இருக்கறது உனக்கே தெரியலியா?"

காற்று சோளத் தட்டைகளைச் சரசரக்க வைத்துவிட்டுப் போனது. நார்பர்ட் மேவிஸைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பார்வையில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். 'பழியை நான் எடுத்துக்கிட்டேன். இப்பவாவது நீ உன் பங்கைச் சொல்லுவியா?'

"சளி," என்றான் நார்பர்ட். "ரெண்டு நாளா சளி பிடிச்சிருக்கு."

"ஓ, சளியா!" டுவேன் பெருமூச்சு விட்டான். "அதைச் சொல்லேன்! சளி பிடிச்சவனுக்குப் பண்ற துரோகமா மேவிஸ் இது?"

முடிந்தது. மேவிஸ் திரும்பினாள். மண் பாதையில் காரை நோக்கி நடந்தாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. லேசாக இருந்தது, காலுக்கடியில் தரை இல்லாத மாதிரி. நல்லது. அவனே கதவைச் சாத்திவிட்டான். இனிமேல் ராத்திரி விழித்துக்கொண்டு 'அவசரப்பட்டேனோ' என்று யோசிக்க வேண்டியதில்லை. சாவிக்காகப் பையைத் துழாவினாள்.

"சளி இல்லே!"

அவ்வளவு சத்தமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. வேலி மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழும்பின.

"சளி இல்லே டுவேன். பிப்ரவரியில காய்ச்சல் வந்துச்சு இல்லே? அதிலேருந்து எனக்கு ஒரு வாடையும் தெரியாது. ஒண்ணுமே. பெட்ரோலை மூக்குக்கடியில வெச்சாலும் தெரியாது. ரோலியை நான் சும்மா சொன்னேன். யாரையாவது சொல்லணுமே, சொன்னேன்."

டுவேன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அப்போ... செப்டம்பர்ல என்னை மோந்துட்டு 'சுத்தம்'னியே?"

"பொய்."

"அடப்பாவி! அன்னிக்குக் காலையில அஞ்சு துண்டு பேக்கன் தின்னுட்டு வந்தேன்டா! நீ சுத்தம்னதும் என் உடுப்புதான் இந்த ஜில்லாவிலேயே ஒசத்தின்னு ரெண்டு மாசமா ரோலிகிட்ட பீத்திக்கிட்டு அலையறேன்!"

"ஆமா, பீத்தினான்," என்றான் ரோலி மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அதான் ஒரு மானும் கிட்ட வரலே!" டுவேன் தொடையில் அடித்துச் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டான். "டேய் நார்ப்... அப்பாவுக்கு வந்த மாதிரியா?"

"தெரியாது," என்றான் நார்பர்ட். பிறகு ரோலியிடம் போனான். கீழே கிடந்த வில்லை எடுத்து அவன் கையில் கொடுத்தான். "மன்னிச்சுக்க ரோலி. நீ சுத்தம்தான். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்." சட்டைப்பையிலிருந்து எருக்கம் பஞ்சு மாதிரியான காட்டுப் பஞ்சில் ஒரு இழையை எடுத்துக் காற்றில் விட்டான். அது மெல்ல மிதந்து தென்கிழக்காகப் போனது. "வடமேற்குக் காத்து. கிழக்குப் பரண்ல ஏறு. போங்க ரெண்டு பேரும். நான் வரலே."

டுவேன் போகும்போது மேவிஸ் பக்கத்தில் நின்றான். என்னவோ சொல்ல வந்தான். "அஞ்சு துண்டு," என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு நடந்தான்.

நார்பர்ட் உடுப்பைக் கழற்றி, சாதாரணச் சட்டையோடு அவள் காரருகே வந்தான். பின் சீட்டில் இருந்த இரண்டு பெட்டிகளையும் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எந்த ஊர்?"

"ஹார்லன் மில்ஸ். ஒரு அறை."

"மாடியா?"

"மாடி."

"படி செங்குத்தா?"

"செங்குத்துதான்."

'போகாதே' என்று சொல்லுவான், அவள் 'போவேன்' என்பாள், வாய் வார்த்தை முற்றும் என்று அவள் தயாராக நின்றாள். நார்பர்ட் மறு பக்கம் சுற்றிப்போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

"உனக்குத் தோள் வலி இருக்கு. பெட்டியை நான் தூக்கிட்டு வர்றேன்."

நவம்பர் முதல் சனிக்கிழமை. காற்று வடமேற்கு. இப்படி ஒரு மதியத்தை நார்பர்ட் குலாஸ் எதற்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. மகள் பிறந்த அன்றுகூட ஆஸ்பத்திரிக்குக் காட்டிலிருந்துதான் வந்தான். மேவிஸுக்குக் கண்ணீர் பார்வையை மறைத்தது. வண்டியை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஹார்லன் மில்ஸ் வரைக்கும் அவளே ஓட்டினாள். இருபத்திரண்டு படி, இரண்டு பெட்டியையும் ஒரே நடையில் அவன் தூக்கி வந்தான். அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். மேவிஸ் ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அவன் கட்டில் ஓரத்தில் கையைத் தொடைக்கு நடுவில் வைத்து உட்கார்ந்தான்.

"அப்பாவுக்கு முதல்ல மூக்குதான் போச்சு," என்றான். "அப்புறம் என் பேரே மறந்துபோச்சு. அப்புறம் கரண்டி பிடிக்கறது. அதான் சொல்லலே. சொன்னா நெசமாயிடும்னு இருந்துச்சு."

"என்கிட்ட கூடவா?"

"உன்கிட்டதான் முக்கியமா. நீதானே அவருக்கு ஊட்டி விட்டே, ரெண்டு வருஷம். இன்னொருக்க அதை உன் தலையில கட்டுறதான்னு..."

மேவிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள்.

"காய்ச்சலாலயும் போகும் நார்ப். விடுதியில ஒரு பொண்ணுக்குப் போயிருக்கு, திரும்பி வந்துச்சு. டாக்டரைப் பாத்தாத்தானே தெரியும்?"

"பாக்கலாம்." கட்டில் விரிப்பைத் தடவி நேராக்கினான். "இன்னொரு பொய்யும் இருக்கு. சொல்லிடறேன். உன் பிறந்தநாளுக்கு, ஏப்ரல்ல, ஏதோ செண்ட் போட்டுக்கிட்டு வந்து நின்னே. நல்லாருக்குன்னு சொன்னேன்."

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அது. அதற்காக அதே செண்ட்டில் இன்னொரு பாட்டில் வாங்கி அலமாரியில் வைத்திருந்தாள். பருவம் முடியட்டும், ஜனவரியில் போட்டுக்கொள்ளலாம் என்று.

"ஒண்ணும் தெரியலே மேவ். நீ பக்கத்துல நின்னே, கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இத்தனை வருஷம் வீட்டுல ஒரு வாசனையும் வரக்கூடாதுன்னு துடைச்சுத் துடைச்சு வெச்சேன். இப்போ ஒரே ஒரு தடவை உன் கழுத்துல வாசனை வந்தாப் போதும்னு இருக்கு. வரலே."

அவள் அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, சிறுமி மாதிரி அழுதாள். அவன் எழுந்து வரவில்லை. வரலாமா என்று தெரியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"லில்லியை வெளியே வெச்சியே, பாவி," என்றாள் கடைசியில்.

"வெச்சேன்."

"எங்கம்மாவோட பூ."

"தெரியும். அன்னிக்குத் தெரியலே. இப்போ தெரியுது."

"இனிமே வீட்டுல நான் வெங்காயம் வதக்குவேன். செப்டம்பர், நவம்பர் எல்லா மாசமும்."

"வதக்கு."

"சட்டுனு சொல்லாதே! உனக்கென்ன, மூக்கு இல்லே, வதக்குனா என்ன வதக்கலேன்னா என்ன! மானுக்கு மூக்கு இருக்கு. உன் முடியெல்லாம் வெங்காயம் ஏறும். ஒரு மானும் கிட்ட வராது. யோசிச்சுச் சொல்லு."

நார்பர்ட் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்; அவன் முகத்தில் பரணும், காற்றும், புதருக்குள் அசையும் கொம்பும் ஒவ்வொன்றாக வந்து போவதை அவள் பார்த்தாள்.

"மான் போகட்டும்," என்றான்.

கீழே கடையில் மாலை ரொட்டி இறக்கினார்கள். படிக்கட்டு வழியாகச் சூடான மணம் ஏறி அறையெல்லாம் நிறைந்தது. அவள் மூச்சிழுப்பதை அவன் கவனித்தான்.

"என்ன வருது?"

"ரொட்டி. கொஞ்சம் பட்டை போட்டிருக்காங்க. ஓரம் லேசா கருகியிருக்கு."

"ம்," என்றான், எதையோ கையில் வாங்கிக்கொண்டவன் மாதிரி.

ஐந்து மணிக்கு வெளிச்சம் போய்விட்டது. மேவிஸ் விளக்கைப் போடவில்லை. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுச் சாவியைக் கையில் எடுத்தாள். நார்பர்ட் பெட்டிகளை எடுக்கக் குனிந்தான். ஒன்றைத் தூக்கினான். மற்றதன் மேல் கை வைத்தபோது அவள் தடுத்தாள்.

"அது இங்கயே இருக்கட்டும். அறையை நான் விடலே."

அவன் அவளைப் பார்த்தான். பெட்டியைச் சுவரோரமாக, யார் காலிலும் இடறாதபடி நகர்த்தி வைத்தான்.

படி இறங்கும்போது அவள் முன்னால் போனாள். ஒரு பெட்டியோடு அவன் பின்னால் வந்தான்.